முதுகில் எழுதிய பெயர்

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஒரு பெயிண்ட் டப்பாவைப் படித்தேன். பால்கனி மூலையில் கிடந்த பழைய டப்பா. "பயன்படுத்தும் முன் நன்றாகக் கலக்கவும்" என்று போட்டிருக்கிறது. வாழ்நாள் முழுக்கச் சுவருக்கு வண்ணம் அடித்தவன் நான். கலக்காமல் ஒரு நாளும் தூரிகையை நனைத்ததில்லை. டப்பாவும் அதையேதான் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறது. ஒருவர் பேச்சு ஒருவருக்குத் தெரியாமலே நாங்கள் ஒத்துப்போயிருக்கிறோம்.

மகன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்ப் படித்துக் காட்டினேன்.

"அடுத்து என்ன, தின்னர் பாட்டிலா?" என்றான்.

"அதையும் படிச்சாச்சு. தீ பக்கத்துல வைக்கக் கூடாதாம்."

"அது தெரியாமத்தான் வாயில பீடியோட வேலை பாத்தீங்களாக்கும்."

சிரித்தான். பல் தெரியவில்லை. ஆனாலும் சிரிப்புதான். போன வருஷம் இந்த மாதத்தில் அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். சாப்பாடு கொண்டுபோனால் அப்படியே இருக்கும். குளிக்கச் சொன்னால் "அப்புறம்" என்பான், அந்த அப்புறம் வராது. பிறகு டாக்டர், மாத்திரை. இப்போது மறுபடியும் ஸ்கூல் வேன் ஓட்டுகிறான். காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. இந்த விஷயம் எனக்கும் அவனுக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். அவன் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், இருந்திருந்தால்.

பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் வகுப்பில் டீச்சர் தினமும் ஏதாவது எழுதச் சொல்கிறார். என்ன எழுதுவது என்று கேட்டேன். "நடந்தத எழுதுங்க. இத நான் திருத்த மாட்டேன்" என்றார். திருத்தாத எழுத்து என்பது எவ்வளவு நிம்மதி.

மார்ச் 5, வியாழன்

பேனா தீர்ந்துவிட்டது. ஒரு பேனா தீரும் அளவுக்கு நான் எழுதியிருக்கிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

வகுப்பு நடக்கும் கூடத்தின் வாசலில் ஒரு சுவரொட்டி. நானே படித்தேன், யாரையும் கேட்காமல். "மனநலத்துக்காக மலை ஏறுவோம்." கீழே சின்ன எழுத்து. நடக்கிறவர்களுக்காகத் தெரிந்தவர்கள் பணம் கொடுப்பார்களாம். அந்தப் பணம், மனசு உடைந்துபோனவர்கள் கூப்பிட்டுப் பேச ஒரு தொலைபேசிக்கும், டாக்டருக்குக் கொடுக்க முடியாதவர்களுக்கும் போகுமாம். அதோடு, இதுவும் ஒரு நோய்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை என்று எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டுமாம். இந்தக் கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன்.

பக்கத்தில் ஒரு மேசை போட்டு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். மனநல ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் நர்ஸம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"ஐயா, மூட்டு எப்படி?" என்று கேட்டார்.

"ஏணி ஏறின மூட்டும்மா. மலை என்ன, சாய்ஞ்சு நிக்கிற ஏணிதானே."

பெயர் எழுதிக்கொண்டார். முதலில் ஒரு சின்னக் குன்று, பழகிக்கொள்ள. அடுத்த மாதம் பெரிய மலை. பாதை குறுகல், ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். அதனால் இவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. யாருக்காக ஏறுகிறோம் என்று ஒரு துணியில் எழுதி முதுகில் குத்திக்கொள்ள வேண்டும். பின்னால் வருகிறவர் அதைப் படித்துக்கொண்டே வருவார். களைப்பு வந்தாலும் முன்னால் போகிறவருக்காக இன்னும் பத்தடி வைப்பாராம். எனக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. நர்ஸம்மா இன்னும் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த படத்துக்குக் கீழே என்ன போட்டிருக்கிறது என்று கூட்டிக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். தீயணைக்கும் முறை.

மார்ச் 12, வியாழன்

மாடிப்படியில் ஏறி இறங்கிப் பழகுகிறேன். மூன்றாம் மாடி வீட்டுக்காரர் கதவைத் திறந்து, "என்ன தேடறீங்க?" என்றார். மலையைத் தேடுகிறேன் என்றேன். கதவைச் சாத்திக்கொண்டார்.

வீட்டில் இரண்டு அறை. ஒன்று அவனுடையது. வேலையிலிருந்து வந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். தாழ்ப்பாள் போடுவதில்லை, டாக்டர் சொன்னதால். நானும் தட்டுவதில்லை. அவனுக்குத் தொந்தரவாக இருக்குமே. அவள் இருந்தவரை இந்த வீட்டில் காலையில் ஆரம்பிக்கும் பேச்சு விளக்கை அணைத்த பிறகும் ஓயாது. வாயை மூடு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். மூடிக்கொண்டு போய்விட்டாள். இப்போது வீட்டில் சத்தம் என்றால் குக்கர் போடுவதுதான்.

மார்ச் 14, சனி

துணி தயார்.

அவர்கள் கொடுத்தது கைக்குட்டை அளவு. என் எழுத்து அதில் அடங்காது. வண்ணம் அடிக்கும்போது தரையில் விரிக்கும் துணி ஒன்று துவைத்து வைத்திருந்தேன், அதில் ஒரு பெரிய துண்டு வெட்டினேன். டப்பாவில் கொஞ்சம் பச்சை மிச்சம் இருந்தது. நன்றாகக் கலக்கினேன்.

வேலை செய்த காலத்தில் கடைகளுக்குப் பலகை எழுதும்போது எழுத்துக்காரர் பென்சிலால் கோடு போட்டுக் கொடுப்பார். உள்ளே வண்ணம் நிரப்புவது என் வேலை. கோட்டைத் தாண்டாமல் நிரப்புவேன். அவர் போட்டது கடையின் பெயரா, என்னைத் திட்டி எழுதியதா, எனக்குத் தெரியாது. இன்று கோடும் என்னுடையது, வண்ணமும் என்னுடையது.

மகனின் பெயரை எழுதினேன். முழுப் பெயர், முன்னால் என் பெயரின் முதல் எழுத்து. அவன் வேன் ஓட்டும் ஸ்கூலின் பெயரையும் எழுதினேன், மரியாதையாக இருக்கட்டும் என்று. கீழே, "மனநோயிலிருந்து முழுசாக மீண்டு வர." ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. சுவரில் சாய்த்து வைத்துத் தள்ளி நின்று பார்த்தேன். எதிர் வீட்டுக் கதவிலிருந்து பார்த்தேன். அங்கிருந்தும் படிக்க முடிகிறது.

அவன் வெளியூர்ச் சவாரி போயிருக்கிறான். வந்ததும் காட்ட வேண்டும். வேண்டாம், ஏறிவிட்டு வந்து சொல்வோம்.

மார்ச் 15, ஞாயிறு

குன்று ஏறினேன். நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள். எனக்குப் பின்னால் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், பெருத்த உடம்பு. மூச்சு வாங்கும்போதும் பேச்சு நிற்கவில்லை.

"முன்னாடி போங்க, முன்னாடி போங்க, மலை காலியாத்தான் இருக்கு."

என் முதுகைப் பார்த்து அவர் ஒவ்வொரு எழுத்தாக உரக்கப் படித்தார். பிறகு, "அண்ணே, உங்க பையனுக்காக நானும் ஏறறேன்" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் எழுதியதை ஒரு மனுஷன் படித்து அவர் கால் நடக்கிறது.

மற்றவர்கள் துணியில் ஒரு சொல் இரண்டு சொல்தான். "அக்காவுக்காக." "நண்பனுக்காக." ஒருவர் துணியில் ஒன்றுமே இல்லை. எழுதத் தெரியாதவராக்கும் என்று நினைத்துக்கொண்டேன், பாவம்.

உச்சியில் படம் எடுத்தார்கள். என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி முதுகையும் எடுத்தார்கள். அப்புறம்தான் நர்ஸம்மா வந்தார். என் துணியைப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது. ஊக்கைக் கழற்றித் துணியை மடித்து என் கையில் கொடுத்தார்.

"ஐயா, பேர் போடக் கூடாதுன்னு அன்னிக்கே சொன்னேனே. உறவு மட்டும்தான்."

"என் மகன்தானேம்மா?"

"உங்க மகன்தான். ஆனா பேரு அவரோடது."

இறங்கும்போது துணி பையில் இருந்தது. கண்டக்டர் பின்னாலேயே வந்தார். படிக்க ஒன்றும் இல்லாததால் என்னிடம் தன் மூட்டுவலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார்.

மார்ச் 16, திங்கள்

அவனிடம் சொல்ல வாய் எடுத்தேன். தூங்கிக்கொண்டிருந்தான். நாளைக்குச் சொல்கிறேன்.

மார்ச் 17, செவ்வாய்

சாயங்கால நடைக்குப் போக வேண்டிய நேரத்தில் வீட்டுக்கு வந்தான். போனை மேசையில் என் முன்னால் வைத்தான். படத்தில் என் முதுகு. பச்சை எழுத்து.

"இது நீங்க எழுதினதா?"

"ஆமாடா. நானேதான்."

அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். "நல்லா எழுதியிருக்கீங்க" என்றான்.

அதுமட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மலை நடைக்கான இணையப் பக்கத்தில் யாரோ போட்ட படம். அங்கிருந்து கை மாறிக் கை மாறிப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் போனுக்குப் போய்விட்டது. மனநோய்க்காரன் வண்டியிலா நம் பிள்ளைகள் என்று கேட்டிருக்கிறார்கள். மேனேஜர் கூப்பிட்டு வேன் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்.

"ஒரு வருஷமா யாருக்கும் தெரியாம டாக்டர்கிட்ட போயிட்டு வந்தேன்ப்பா. மாத்திரைய வைட்டமின்னு சொல்லி முழுங்கினேன். உங்களுக்கு எழுதத் தெரிஞ்சது, ஊருக்கே தெரிஞ்சுபோச்சு."

நான் என்ன சொன்னேன்? பெருமையா எழுதினேன்டா, என் புள்ளைன்னு எழுதினேன்டா — சொல்லியிருக்கலாமே. வாய் வரலையே. கை மட்டும் நல்லா வருது.

மார்ச் 18, புதன்

போய்விட்டான். ஊரின் அந்தக் கோடியில் மெக்கானிக் நண்பன் ஒருவனின் அறைக்கு. ஒரு பை. "கொஞ்ச நாளைக்கு" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். வாடகைக்கு இருந்தவர் காலி செய்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டு போனான்.

மாத்திரையை எடுத்துக்கொண்டு போனானா? அலமாரியைத் திறந்து பார்த்தேன். எடுத்துப் போயிருக்கிறான். அந்தக் காலி இடத்தைப் பார்த்து எனக்கு உயிர் வந்தது.

மார்ச் 20, வெள்ளி

நர்ஸம்மா அந்தப் பக்கத்திலிருந்து படத்தை நீக்கிவிட்டார். ஆனால் மற்றவர்கள் போனில் இருப்பதை எடுக்க முடியாதாம். சுவராக இருந்தால் சுரண்டிவிட்டு, பட்டி பார்த்து, மேலே இரண்டு கை அடித்துவிடுவேன். கீழே என்ன இருந்தது என்று அப்பனுக்கும் தெரியாது. இந்தச் சுவர் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

துணியை வெட்டித் துண்டு துண்டாக்கிக் குப்பையில் போட்டேன்.

மார்ச் 23, திங்கள்

முகம் சவரம் செய்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஸ்கூலுக்குப் போனேன். வண்டிகள் நிற்கும் இடத்தில் மேனேஜருக்கு ஒரு தகர அறை. கெட்டவர் இல்லை. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

"பெரியவரே, உங்க பையன் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. சொன்ன நேரத்துக்கு வண்டி நிக்கும். ஆனா பெத்தவங்க பயப்படறாங்க. டாக்டர் சர்டிபிகேட் கொண்டுவரட்டும், பார்ப்போம்."

"அவன் வண்டி ஓட்டலாம்னு டாக்டர் சொல்லித்தான் ஓட்டறான்."

"இருக்கலாம். முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா சாவியக் கொடுத்திருப்பீங்களா?"

தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். நன்றாகத்தான் பேசினோம் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

சாயங்காலம் மகன் போன் செய்தான். ஐந்து நாளில் முதல் தடவை. சந்தோஷமாக எடுத்தேன்.

"அப்பா, எனக்காக இனிமே யார்கிட்டயும் போய்ப் பேசாதீங்க. உங்களக் கெஞ்சிக் கேக்கறேன்."

வைத்துவிட்டான்.

மார்ச் 24, செவ்வாய்

வகுப்புக்குப் போகவில்லை.

மார்ச் 27, வெள்ளி

இரண்டு பேருக்குச் சமைத்துவிடுகிறேன். அளக்கும்போது கை தானாகப் போகிறது. மிச்சத்தை மறுநாள் சாப்பிடுகிறேன், அன்றைக்கும் மிச்சமாகிறது. நேற்றைய சாப்பாட்டை நான் எப்போதும் துரத்திக்கொண்டே இருக்கிறேன்.

முன்னால் போன தண்ணீர் லாரியில் "பின்னால் வருகிறவரே, பொறுமை" என்று எழுதியிருந்தது. படித்துச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சொல்ல வாயைத் திறந்தேன். அறை சாத்தியிருக்கிறது, உள்ளே ஆள் இல்லை. படித்ததைச் சொல்ல ஆள் இல்லாதபோது எதற்காகப் படிக்கிறேன்? படிக்காமலும் இருக்க முடியவில்லை. கண் திறந்தால் எழுத்து தெரிகிறது. முன்பு தெரியாமல் இருந்தது எவ்வளவு அமைதி.

ஏப்ரல் 1, புதன்

ஒரு விசித்திரம். படம் பரவிய பிறகு அக்கம்பக்கத்தில் சிலர் என்னைப் பார்த்தால் ஒதுங்குகிறார்கள். மூன்றாம் மாடி வீட்டுக்காரர் படியில் வழிவிட்டு நிற்கிறார், தொற்று நோய் மாதிரி. ஆனால் வேறு சிலர் தேடி வருகிறார்கள். கடையில் நிற்கும்போது பக்கத்தில் வந்து, அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்லயும் இருக்கு" என்கிறார்கள். இன்று ஒருவர். போன வாரம் ஒருவர். யார், எவர் என்று இங்கே எழுத மாட்டேன்.

கேட்டுக்கொண்டேன். சொல்லிவிட்டுப் போகும்போது அவர்கள் தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஆனால் என் பிள்ளை சொல்லவில்லை. அவனுக்காக நான் சொன்னேன். அவன் தோள் எப்படி இருக்கிறதோ.

ஏப்ரல் 5, ஞாயிறு

நர்ஸம்மா வீட்டுக்கு வந்தார். பெரிய மலைக்கு வரச் சொன்னார்.

"என் முதுகு செஞ்ச வேலை போதும்மா."

"எதுவும் எழுத வேணாம். சும்மா வாங்க. எழுதாம வர்றவங்களும் இருக்காங்க."

அன்றைக்குக் குன்றில் எழுதாமல் வந்தவரை எழுதத் தெரியாதவர் என்று நினைத்தேனே. அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

கிளம்பும்போது செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டார். "நீங்க எப்படி இருக்கீங்க?"

மகன் எப்படி இருக்கிறான் என்று கேட்பார்கள். மூட்டு எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். இப்படி யாரும் கேட்டதில்லை. "அடுப்புல ஒரு பர்னர் சரியா எரியல" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல" என்று படி இறங்கிப் போனார்.

ஏப்ரல் 7, செவ்வாய்

எப்படி இருக்கிறேன்?

இரண்டு நாளாக யோசிக்கிறேன். எழுதிப் பார்க்கிறேன், யாரும் திருத்தப் போவதில்லை.

விடிஞ்சதும் எழுந்திரிக்கணும்னு தோணலை. எழுந்து என்ன பண்ண. அடுப்போட பேசறேன். பேசறேன்னு தெரியாமலே பேசறேன். நேத்து அவ பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டேன், உப்பு எங்கன்னு. மூணு வருஷம் ஆச்சு. அவன் இருந்தப்பவும் இப்படித்தான். கதவுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். அவனுக்குத்தான் நோய், எனக்கு ஒண்ணுமில்லன்னு இருந்தேன். எழுதக் கத்துக்கப் போனதே சாயங்காலத்தில் போய் உட்கார ஓர் இடம் வேணும்னுதான். நாலு பேர் குரல் கேக்குமேன்னு.

படித்துப் பார்த்தேன். என் கையெழுத்துதான்.

ஏப்ரல் 12, ஞாயிறு

அவனுக்குப் போன் செய்தேன். எடுத்தான்.

"சாப்டியா?"

"ம்."

"சர்டிபிகேட்?"

"கொடுத்துட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"பார்ப்போம்னாங்க."

மெக்கானிக் கடையில் வண்டி கழுவித் தருகிறானாம். பின்னால் தண்ணீர் பீய்ச்சும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வைத்தேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

பெரிய மலை. போனேன். ஏறினேன். இறங்கினேன். கால் இன்னும் நடுங்குகிறது, எழுத்தும் அப்படித்தான் விழுகிறது.

அவர்கள் கொடுத்த சின்னத் துணியை வெறுமையாகக் குத்திக்கொண்டேன். கண்டக்டர் இந்தத் தடவையும் பின்னால். ஒரு வார்த்தை கேட்கவில்லை. "முன்னாடி போங்க" என்றுகூடச் சொல்லவில்லை, அவ்வளவு செங்குத்து. பாதிக்கு மேல் மேகத்துக்குள் நடந்தோம். முன்னால் போகிறவரின் முதுகு மட்டும் தெரியும், அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை. இத்தனை பேர் நடக்கிறார்கள், ஒவ்வொருவரும் தனியாக. வேலை செய்த காலத்தில் உயரத்தில் கயிற்றில் தொங்கும்போது இப்படித்தான் இருக்கும். அப்போது கீழே ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பார். அது தெரிந்தால் போதும்.

ஓரிடத்தில் இளைப்பாற உட்கார்ந்தோம். நடையின் இணையப் பக்கத்துக்காக ஒரு பெண் போனில் வீடியோ பிடித்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு வந்தாள். யாருக்காக ஏறுகிறீர்கள்? விருப்பமில்லாதவர்கள் கையை அசைத்தார்கள், அவள் நகர்ந்துவிட்டாள். என்னிடம் வந்தாள். நானும் கையைத் தூக்கினேன், வேண்டாம் என்று சொல்ல. சொல்லவில்லை.

"எனக்காக ஏறறேன்மா" என்றேன். "என் சம்சாரம் போனதுலேர்ந்து நான் சரியா இல்ல. காலையில எழுந்திரிக்க மனசு வர்றதில்ல. வயசான ஆளு, அழக் கூடாதுன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டேன். ஆம்பள, அப்பன், வீட்டுக்குத் தூண் மாதிரி இருக்கணும்னு. தூண்கிட்ட யாரு பேசுவா? அதான்."

அவள் அப்படியே போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "போதும்மா" என்றேன்.

கண்டக்டர் பக்கத்தில் உட்கார்ந்து ஷூவுக்குள் விழுந்த கல்லைத் தட்டிக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் தட்டினார். அப்புறம், "அண்ணே, தினம் சாயங்காலம் நான் பார்க்ல நடப்பேன். நீங்களும் வாங்க. நான் பேசிக்கிட்டே இருப்பேன், நீங்க பதில் சொல்லணும்னு கட்டாயமில்ல" என்றார்.

ஏப்ரல் 20, திங்கள்

படுக்கையிலிருந்து எழுந்திரிக்க முடியவில்லை. இன்று வலிதான் காரணம்.

ஏப்ரல் 22, புதன்

பார்க்குக்குப் போனேன். சொன்ன மாதிரியே பேசிக்கொண்டிருந்தார். வகுப்புக்கும் போனேன். டீச்சர் என் இடத்தைத் துடைத்து வைத்திருந்தார்.

ஏப்ரல் 24, வெள்ளி

மகன் போன்.

"பாத்தேன்" என்றான்.

"எதடா?"

"மலையில நீங்க பேசினத. கடையில எல்லாரும் பாத்தாங்க."

மறுபடியும் அவனுக்குத் தலைகுனிவா? "உன்னப் பத்தி ஒரு வார்த்த சொல்லலைடா."

"தெரியும்ப்பா." பிறகு கேட்டான். "வீட்ல இருந்தப்ப ஏன் சொல்லல?"

"உனக்கே பாரம். அதுக்கு மேல நான் வேறயா?"

"நானும் அதான் நெனச்சேன். அம்மா போயி நீங்களே ஒடிஞ்சு கெடக்கறீங்க, நான் வேற மூஞ்சியத் தூக்கிவச்சுக்கிட்டு எதிர்ல உக்காரணுமான்னு. அதான் கதவச் சாத்திக்குவேன்."

எங்கள் வீட்டுக் கதவு அது. இரண்டு பக்கமும் நானே வண்ணம் அடித்த கதவு.

"காலு எப்படி இருக்கு?" என்று கேட்டான். வீங்கியிருக்கிறது என்றேன். சுடுதண்ணீரில் வைக்கச் சொன்னான். வைத்தேன்.

ஏப்ரல் 30, வியாழன்

ஸ்கூலில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சர்டிபிகேட் சரியாகத்தான் இருக்கிறதாம், ஆனால் வேறு ஆள் போட்டாயிற்றாம். என் எழுத்தால் போன வேலை. இதை எந்தப் பட்டியும் வைத்து மூட முடியாது.

மே 4, திங்கள்

பெரியவர்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் போகிற வண்டி ஒன்றில் அவனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் முன்னைவிடக் குறைவு. சேரும் முன்பே முதலாளியிடம் மாத்திரை விஷயத்தைச் சொல்லிவிட்டானாம்.

"என்னடா சொன்னாரு?"

"அவரும் ஏதோ மாத்திரை போடறாராம், ரத்தக் கொதிப்புக்கு. நேரத்துக்குப் போடு, தூக்கம் வந்தா வண்டிய ஓரமா நிறுத்துன்னாரு. அவ்வளவுதான்." பிறகு சொன்னான். "நானே சொன்னா வேற மாதிரி இருக்குப்பா. நீங்க எழுதினப்ப யாரோ என் சட்டையக் கழட்டின மாதிரி இருந்துச்சு."

"தப்புடா" என்றேன். "நான் செஞ்சது தப்பு."

"ஆமா" என்றான். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லாதது நல்லதுதான். பரவாயில்லை என்று சொல்லியிருந்தால் இன்னும் மறைக்கிறான் என்று பயந்திருப்பேன்.

பிள்ளைகள் சத்தம் இல்லாமல் வண்டி ஓட்டுவது மட்டும் என்னவோ போல் இருக்கிறதாம்.

மே 7, வியாழன்

இன்று அவனுக்கு டாக்டரிடம் போகும் நாள். காலையில் போன் செய்து, "வர்றீங்களா?" என்றான். கண்டக்டரிடம் சாயங்காலம் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

போன வருஷம் முழுக்க நான் அந்த வாசலோடு சரி. அவன் உள்ளே போவான், நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இன்றும் அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். இளைத்திருக்கிறான். விரல் நகத்தில் மெக்கானிக் கடைக் கறுப்பு இன்னும் போகவில்லை. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடும் என்றேன். துடைத்துப் பார்த்தாயிற்று என்றான்.

அவனைக் கூப்பிட்டார்கள். எழுந்தான். நான் காலை ஒதுக்கி வழிவிட்டேன். அவன் போகாமல் நின்றான்.

"வாங்க" என்றான்.

"நானா?"

"பின்ன, பெஞ்சா?"

சின்ன அறை. இரண்டு நாற்காலி. டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு அவனிடம் கேட்டார். "அப்பாவா? இருக்கட்டுமா, வெளியில உக்காரட்டுமா? உங்க இஷ்டம்தான்."

"இருக்கட்டும்" என்றான். "அவருக்கும் தெரியட்டும்."

பிறகு அவன் பேசினான். நிறையப் பேசினான். நிறுத்தி நிறுத்தி, தரையைப் பார்த்துக்கொண்டு, ஓரிடத்தில் என்னைப் பார்த்து. அவன் பேசுவதை அவ்வளவு நேரம் நான் கேட்டதே இல்லை. ஒவ்வொரு சொல்லும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அத்தனையையும் எழுத எனக்கு இப்போது தெரியும்.

எழுத மாட்டேன்.